பரிசுச் சீட்டின் விலை

ஆலயத்தின் கூரையைப் புதுப்பிக்க வேண்டும்; கையில் பணம் இல்லை. பரிசுச் சீட்டுக் குலுக்கல் நடத்தலாம் என்று ஒருவர் சொல்கிறார். எல்லாரும் தலையசைக்கின்றனர். உடனே அடுத்த கேள்வி எழுகிறது: ஒரு சீட்டு என்ன விலை?

2001ஆம் ஆண்டு நான் உதவிப் பங்குத்தந்தையாகப் பணியாற்றிய ஒரு பங்கில் இக்கேள்வி எழுந்தது. தேவைப்பட்ட தொகை ஒன்றரை இலட்சம் ரூபாய். பரிசுப் பொருள்களை நன்கொடையாகத் தர வெளியூரில் வாழும் அன்பர்கள் இசைந்திருந்தனர். சீட்டு ஒன்று 5 ரூபாய் என்றால் 30,000 சீட்டுகளை விற்றாக வேண்டும். அவ்வளவு சீட்டுகளைச் சுமந்து திரிய யாரால் முடியும்? 50 ரூபாய் என்றால் 3,000 சீட்டுகள் போதும். பங்கில் 300 குடும்பங்கள் இருந்தன. குடும்பத்துக்குப் பத்துச் சீட்டு வீதம் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. பங்குப் பேரவைக் கூட்டத்தில் இக்கணக்கைப் போட்டுக் காட்டியவன் நான்தான். பத்தே நிமிடத்தில் தீர்மானம் நிறைவேறியது. அக்கணக்கு எங்கே தவறியது என்பதை இக்கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன். அதற்கு முன், இதே கணக்கை நம்மினும் பெரியவர்கள் போட்டுப் பார்த்த வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

விலையில்லாச் சீட்டும் விலையுள்ள சீட்டும்

சீட்டுப் போடுதல் திருநூலுக்குப் புதிதன்று. சீலோவில் யோசுவா சீட்டுப் போட்டு இஸ்ரயேல் குலங்களுக்கு நிலத்தைப் பகிர்ந்தளித்தார். யூதாசின் இடத்துக்கு மத்தியா சீட்டுக் குலுக்கியே தெரிந்துகொள்ளப்பட்டார். ஆண்டவரின் அங்கிக்காகப் படைவீரர்கள் சீட்டுப் போட்டதும் நாம் அறிந்ததே. புனித தாமஸ் அக்குவினாஸ் சீட்டுப் போடுதலை மூவகையாகப் பிரிக்கிறார்: பொருளைப் பங்கிடப் போடுவது, செய்ய வேண்டியதை அறியப் போடுவது, வருங்காலத்தை அறியப் போடுவது. மூன்றாவதை அவர் கடுமையாகக் கண்டிக்கிறார். முதலாவதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறார். அதில் வீண்மையின் சாயல் இருக்கலாம் என்ற எச்சரிக்கை மட்டும் உண்டு.

இவற்றுள் எதிலும் சீட்டுக்கு விலை இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். நிலம் பெற வந்த குலத்தாரிடம் யோசுவா கட்டணம் கேட்கவில்லை. சீட்டுக்கு விலை வைத்து, சேர்ந்த பணத்தில் ஒரு பகுதியைப் பரிசாகவும் மறு பகுதியைப் பொதுப்பணிக்காகவும் பிரிக்கும் முறை 15ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தாழ்நிலப் பகுதிகளில் வேரூன்றியது. புரூஜ், கென்ட், உட்ரெக்ட் முதலிய நகரங்கள் மதில்களைக் கட்டவும் ஏழைகளுக்கு உதவவும் இவ்வழியை நாடின. 1445ஆம் ஆண்டு ஸ்லுய்ஸ் நகரம் தன் மதில்களுக்காக நடத்திய குலுக்கலில் 4,304 சீட்டுகள் இருந்தன என ஏடுகள் காட்டுகின்றன. 1606ஆம் ஆண்டில் ஹார்லெம் நகரில் ஆதரவற்ற முதியவர்களின் இல்லத்துக்காக ஒரு குலுக்கல் நடந்தது. அப்பணத்தால் எழுந்த கட்டடத்தில்தான் ஓவியர் பிரான்ஸ் ஹால்சின் பெயர் தாங்கிய அருங்காட்சியகம் பின்னாளில் அமைந்தது.

ஆக, பரிசுச் சீட்டு சூதாட்டக் கூடத்தில் பிறந்த பிள்ளை என்று சொல்லிவிட முடியாது. ஊர்ப் பொதுமன்றத்திலும் அறநிலையங்களின் வாசலிலும் அது வளர்ந்தது. அதனால்தான் அதன் விலை அறம் சார்ந்த கேள்வியாகிறது.

அரசியின் நான்கு இலட்சம் சீட்டுகள்

இவ்வரலாற்றில் நமக்கு மிகுந்த பாடம் தருவது இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்தின் குலுக்கல். 1567ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அதற்கான பெரிய அறிவிப்புத் தாள் அச்சிடப்பட்டது. நாட்டின் துறைமுகங்கள் பழுதுற்றிருந்தன. அவற்றைச் செப்பனிடவும் பிற பொதுப்பணிகளுக்காகவும் பணம் தேவைப்பட்டது. புதிய வரி விதித்தால் மக்கள் முணுமுணுப்பர். நாடாளுமன்றத்தின் இசைவும் வேண்டும். எனவே அரசவை குலுக்கலைத் தேர்ந்தது.

திட்டம் மிகப் பெரியது. மொத்தம் 4,00,000 சீட்டுகள். சீட்டு ஒன்றின் விலை 10 ஷில்லிங். எல்லாம் விற்றால் 2,00,000 பவுண்டு சேரும். முதல் பரிசின் மதிப்பு 5,000 பவுண்டு. அதில் 3,000 பவுண்டு ரொக்கம், 700 பவுண்டுக்கு வெள்ளிப் பாத்திரங்கள், எஞ்சியது சுவரில் தொங்கவிடும் சித்திரத் திரைகளும் நல்ல துணிகளும். அத்துடன், வெற்றுச் சீட்டே கிடையாது என்றும் அறிவித்தனர். எப்பரிசும் விழாதவருக்கும் குறைந்தது இரண்டரை ஷில்லிங், அதாவது கொடுத்ததில் நான்கில் ஒரு பங்கு, திரும்பக் கிடைக்கும். குலுக்கலில் பங்கேற்க நகரங்களுக்கு வருவோர்க்கு மற்றொரு சலுகையும் இருந்தது: கொலை, அரசத் துரோகம் போன்ற பெருங்குற்றங்கள் நீங்கலாக, ஏழு நாள்களுக்கு அவர்களைக் கைது செய்ய மாட்டார்கள். கடனுக்கு அஞ்சி ஒளிந்திருப்பவனும் துணிந்து வந்து சீட்டு வாங்கலாம் என்பது இதன் பொருள். அச்சலுகை யாரை நோக்கி நீட்டப்பட்டது என்று எண்ணிப் பார்த்தால் மனம் துணுக்குறும்.

இனி விலைக்கு வருவோம். அக்காலத்தில் தென் இங்கிலாந்தில் கைத்தேர்ந்த கட்டடத் தொழிலாளி ஒருவர் நாளொன்றுக்குப் பெற்ற கூலி சுமார் 10 பென்ஸ். சிற்றாளுக்குச் சுமார் 8 பென்ஸ். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். எனவே 10 ஷில்லிங் என்பது 120 பென்ஸ். கொத்தனார் பன்னிரண்டு நாள் வேலை செய்து, ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தால் ஒரு சீட்டு வாங்கலாம். சிற்றாளுக்குப் பதினைந்து நாள் ஆகும். அன்று அந்நாட்டின் மக்கள்தொகை ஏறக்குறைய 30 இலட்சம். குடும்பத்துக்கு ஐவர் என்று கொண்டால் மூன்று குடும்பங்களில் இரண்டு ஆளுக்கொரு சீட்டு வாங்கினால்தான் நான்கு இலட்சம் தீரும். அவ்வளவு குடும்பங்களிடம் அரைப் பவுண்டு கையிருப்பு எங்கே இருந்தது? அறிவிப்பை எழுதியவர்கள் தேவைப்பட்ட தொகையைச் சீட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து விலையைக் கண்டனர் போலும். வாங்குவோர் மடியை அவர்கள் அவிழ்த்துப் பார்க்கவில்லை.

நடந்தது என்ன? சீட்டுகள் விற்கவில்லை. குலுக்கும் நாள் தள்ளிப் போயிற்று. அரசவையிலிருந்து மாவட்ட அதிகாரிகளுக்கும் நகர மன்றங்களுக்கும் கடிதங்கள் பறந்தன: மக்களைத் தூண்டி வாங்கச் செய்க! விருப்பமாகத் தொடங்கியது இவ்வாறு மெல்ல மெல்லக் கட்டளையாயிற்று. தனியாக வாங்க இயலாதவர்கள் கூட்டுச் சேர்ந்தனர். தொழிற்சங்கங்களும் ஊர்ப் பங்குகளும் பணம் திரட்டிச் சீட்டு வாங்கின. வாங்கியவர் தம் பெயருக்குப் பதிலாக ஒரு குறுஞ்செய்யுளை எழுதிக் கொடுக்கலாம் என்ற விதி இருந்தது. அவற்றுள் பல இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. சிலவற்றில் நகைச்சுவை இருக்கிறது. சிலவற்றில் ஊர்த் துறைமுகத்தின் அவலம். சிலவற்றில் எளியவரின் ஏக்கம். நாமும் நம் விழாக்களில் சீட்டின் அடிக்கட்டையில் பெயர் எழுதி வாங்குகிறோம். அந்தக் கட்டையில் எழுத இடமில்லாத வாழ்க்கைகள் எத்தனையோ!

இறுதியில் 1569 ஜனவரி 11 அன்று இலண்டனில் புனித பவுல் பேராலயத்தின் மேற்கு வாசலருகே குலுக்கல் தொடங்கியது. இரவும் பகலுமாகச் சீட்டுகளை எடுத்துப் படித்து, மே 6 அன்றுதான் முடித்தனர். விற்றவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எனவே அறிவித்த பரிசுகள் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டன. 5,000 பவுண்டு என்ற முதல் பரிசு இவ்வாறு சுமார் 416 பவுண்டாகச் சுருங்கியது. துறைமுகத் திட்டம் எதிர்பார்த்த பயனை அடையவில்லை. மக்களின் நம்பிக்கையும் தேய்ந்தது. 

அதிக விலை இரு தீமைகளைச் செய்கிறது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. ஏழையை அது முதலில் வெளியே நிறுத்துகிறது. விற்பனை மந்தமானதும், வெளியே நின்ற அதே ஏழையைக் கையைப் பிடித்து உள்ளே இழுக்கிறது.

ஒரு பங்குத்தந்தையின் சீட்டு

பாரிஸ் மாநகரில் புனித சுல்பீசியார் ஆலயம் இருக்கிறது. 1646இல் தொடங்கிய அதன் கட்டுமானம் கடன் சுமையால் 1678இல் நின்றுபோனது. நாற்பது ஆண்டுகள் அரைகுறையாய்க் கிடந்தது. 1714இல் பங்குத்தந்தையாகப் பொறுப்பேற்ற லாங்கே தெ ஜெர்ஜி அடிகளார் 1719இல் வேலையை மீண்டும் தொடங்கினார். 1721இல் அரசின் ஒப்புதலோடு ஆலயப் பணிக்கெனக் குலுக்கல் ஏற்படுத்தினார். அதன் சீட்டு விலை 20 சூ, அதாவது ஒரு லிவ்ர். பாரிசில் ஒரு கூலியாளின் ஏறக்குறைய ஒரு நாள் ஊதியம் அது.

இலண்டனின் பன்னிரண்டு நாளுக்கும் பாரிசின் ஒரு நாளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். இலண்டன் குலுக்கலின் சீட்டுகள் விற்காமல் தேங்கின. சுல்பீசியார் குலுக்கல் அரை நூற்றாண்டுக்கு மேல் தொடர்ந்தது. 1745இல் ஆலயம் நேர்ந்தளிக்கப்பட்டது. அடிகளார் கல்லையும் சுண்ணாம்பையும் மட்டும் பார்த்தவர் அல்லர். வறிய பெண்களுக்கும் சிறுமியருக்கும் குழந்தை இயேசுவின் பெயரால் ஓர் இல்லம் நிறுவியவரும் அவரே. அவரது குலுக்கலோடு, கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லத்துக்காகவும் துறவு இல்லங்களுக்காகவும் நடந்த குலுக்கல்களும் பாரிசில் வழக்கத்தில் இருந்தன. 1776இல் அரசு இவற்றையெல்லாம் தன் அரச லாட்டரியில் சேர்த்துக்கொண்டது.

எனினும் இக்கதையை முழு வெற்றியாகச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஒரு நாள் கூலி என்பது ஒரு முறைக்குப் பொருந்தும். அது மாதந்தோறும் வரும் என்றால்? எளிய விலை எளியவரை உள்ளே வர விடுகிறது. அடிக்கடி வரவும் விடுகிறது. அதே காலத்தில் உரோமையிலும் இவ்வினா எழுந்தது. அங்கு ஆடிய லோட்டோவில் 90 எண்களுள் ஐந்தைக் குலுக்கி எடுப்பர். பந்தயத் தொகையை ஆடுபவரே தீர்மானிப்பார். சில செப்புக் காசுகளே போதும். திருத்தந்தை பதின்மூன்றாம் பெனடிக்ட் 1727இல் இதைத் தடை செய்து, மீறுவோர்க்குத் திருச்சபை விலக்குத் தண்டனையையும் அறிவித்தார். அவருக்குப் பின் வந்த பன்னிரண்டாம் கிளமென்ட் 1731இல் அதை மீண்டும் அனுமதித்தார். அவ்வருவாயின் பகுதிகள் இலாத்தரன் பேராலயத்தின் முகப்புக்கும் புகழ்பெற்ற திரேவி நீரூற்றுக்கும் சென்றன. அடுத்தடுத்து வந்த இரு திருத்தந்தையருள் ஒருவர் எளியவரின் வீட்டு அடுப்பைக் கண்டார். மற்றவர் காலியான கருவூலத்தைக் கண்டார். இருவருடைய கவலையும் உண்மையானதே. எந்தப் பங்குத்தந்தையின் மேசையிலும் இவ்விரு கவலைகளும் அருகருகே கிடப்பதை நாம் அறிவோம்.

மூன்று பவுண்டுச் சீட்டும் முப்பது கைகளும்

விலையைச் சரியாக வைத்துவிட்டாலும் காவல் வேண்டும் என்பதற்குப் பிரித்தானிய அருங்காட்சியகம் சான்று. மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன் தாம் வாழ்நாளெல்லாம் சேர்த்த அரும்பொருள்களை 20,000 பவுண்டுக்கு நாட்டுக்கே விட்டுச்செல்ல விரும்பினார். அதற்கும் கட்டடத்துக்கும் பணம் திரட்ட 1753இல் நாடாளுமன்றம் குலுக்கலுக்குச் சட்டம் இயற்றியது. ஒரு இலட்சம் சீட்டுகள். விலை 3 பவுண்டு. சேர்வது மூன்று இலட்சம். அதில் இரண்டு இலட்சம் பரிசுகளுக்கு. காண்டர்பரிப் பேராயரே பொறுப்பாளருள் ஒருவர். ஒருவருக்கு இருபது சீட்டுகளுக்கு மேல் விற்கலாகாது என்ற விதியும் இருந்தது.

ஆனால் விற்பனைப் பொறுப்பில் இருந்த பீட்டர் லெஹூப் என்பவர் பொய்ப் பெயர்களில் சீட்டுகளைக் கட்டுக்கட்டாக ஒதுக்கினார். பொதுமக்கள் வந்தபோது சீட்டு தீர்ந்துவிட்டது என்ற பதிலே கிடைத்தது. பின்னர் அவை வெளியில் கூடுதல் விலைக்கு விற்கப்பட்டன. அவர்மீது வழக்குத் தொடர்ந்தனர். 1,000 பவுண்டு அபராதம் விதித்தனர். அவர் அடைந்த இலாபத்துக்கு முன் அது சிறு தொகை. அருங்காட்சியகத்துக்கு ஏறக்குறைய 95,000 பவுண்டு கிடைத்தது. 1759இல் அதன் கதவு திறந்தது. அறிவிப்பில் அச்சிட்ட விலை மூன்று பவுண்டு. எளியவன் உண்மையில் கொடுத்த விலை வேறு. சீட்டின் மேல் அச்சிட்ட விலையும் அது கைமாறும் விலையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பதும் நடத்துபவரின் கடமை.

இதே நாட்டில் அரசு லாட்டரியின் சீட்டு பத்துப் பவுண்டும் அதற்கு மேலுமாக விற்றபோது, தரகர்கள் ஒரு சீட்டைப் பாதியாக, காலாக, பதினாறில் ஒன்றாகக் கூறுபோட்டு விற்றனர். அதையும் வாங்க முடியாதவர்கள், இன்ன எண் இன்ன நாளில் வருமா என்று சில பென்சுகளை வைத்துப் பந்தயம் கட்டினர். குலுக்கல் பல நாள் நீடித்ததால் பந்தயமும் பல நாள் நீடித்தது. ஏழைக் குடும்பங்கள் இதில் சீரழிந்ததை 1808ஆம் ஆண்டின் நாடாளுமன்றக் குழு எடுத்துரைத்தது. 1826இல் அந்த அரசு லாட்டரி முடிவுக்கு வந்தது.

நம் மண்ணில்

இவ்வரலாறு நமக்கு அயலது அன்று. 1967இல் கேரள அரசு லாட்டரித் துறையைத் தொடங்கியது. சீட்டு ஒரு ரூபாய். முதல் பரிசு 50,000 ரூபாய். 1968இல் அறிஞர் அண்ணா முதல்வராயிருந்தபோது தமிழக அரசும் பரிசுச் சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. இங்கும் சீட்டு ஒரு ரூபாய். முதல் பரிசு ஒரு இலட்சம். விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்னும் விளம்பரத் தொடரை என் தலைமுறையினர் வீட்டுப் பெரியவர்களின் வாயிலாகக் கேட்டு வளர்ந்தோம். அத்தொடரில் ஒரு நேர்மை இருந்தது. சீட்டு வாங்குபவன் பரிசு விழாமல் போகலாம் என்பதையும், தன் ரூபாய் எங்கே போகிறது என்பதையும் அது மறைக்கவில்லை.

பின்னர் வந்தது வேறு. 1990களில் வெளிமாநிலச் சீட்டுகளும் ஒற்றை எண் லாட்டரிகளும் தேநீர்க் கடைதோறும் தொங்கின. ஒரே நாளில் பல குலுக்கல்கள். காலையில் தோற்றவன் நண்பகலில் மீட்க நினைத்தான். நண்பகலில் தோற்றவன் மாலையை நம்பினான். சீட்டின் விலை சிறியதுதான். ஆனால் ஒரு நாளில் அதை எத்தனை முறை கொடுத்தான் என்பதை வீட்டில் உலை வைக்கக் காத்திருந்தவள் அறிவாள். 2003ஆம் ஆண்டு தமிழக அரசு லாட்டரிச் சீட்டு விற்பனையைத் தடை செய்தது. அதை வரவேற்ற பெண்களின் முகங்களை நான் நேரில் கண்டவன்.

இங்கு நம் பங்குகளுக்கு ஒரு வார்த்தை. அரசின் அனுமதியின்றிச் சீட்டுக் குலுக்கல் நடத்துவதை 1870லேயே இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்த்த ஒரு பிரிவு குற்றமாக்கியது. இன்றைய புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. கோவில் காரியம் என்பதால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும் என்று நாம் எண்ணலாகாது.

அறநூல் சொல்வது

குருமடத்தில் நாங்கள் கற்ற அறநெறி இறையியல் நூல்கள் குலுக்கலை ஓர் ஒப்பந்தமாகவே பார்த்தன. அது நேர்மையாக அமைய நான்கு நிபந்தனைகள் சொல்லப்பட்டன. கொடுக்கும் பணம் கொடுப்பவருடையதாக, அவர் விருப்பம்போல் செலவழிக்கக்கூடியதாக இருத்தல்; வற்புறுத்தல் இன்றிச் சேர்தல்; வஞ்சனை இன்மை; இரு தரப்பாருக்கும் இடையே ஒருவகைச் சமன்பாடு. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் 2413ஆம் எண்ணில் இக்கருத்தையே தொடுகிறது. வாய்ப்பை நம்பிய ஆட்டங்கள் தம்மிலேயே நீதிக்கு மாறானவை அல்ல. ஆனால் ஒருவர் தம் தேவைக்கும் பிறர் தேவைக்கும் வைத்திருப்பதைப் பறிக்கும்போது அவை ஏற்கத்தகாதவை ஆகின்றன என்பது அதன் சாரம்.

இந்நான்கு நிபந்தனைகளையும் சீட்டின் விலையோடு ஒட்டிப் பார்ப்போம். விலை அதிகமானால் முதல் நிபந்தனை உடைகிறது. அரிசிக்கும் மருந்துக்கும் வைத்த பணம் சீட்டுக்குப் போகிறது. அதிக விலையில் விற்பனை நின்றுபோகும்போது இரண்டாவது உடைகிறது. இலண்டன் கண்ட கடிதங்களும் கட்டளைகளும் வருகின்றன. காவலில்லாத இடத்தில் லெஹூப் போன்றோர் மூன்றாவதை உடைக்கின்றனர். நான்காவதைப் பற்றி ஒரு நுட்பம் உண்டு. அறப்பணிக்கான சீட்டில் பாதி பரிசுக்கான வாய்ப்பு, பாதி காணிக்கை. பரிசின் மதிப்பைவிட விற்பனைத் தொகை பன்மடங்கு இருந்தாலும் அது குற்றமாகாது; ஆனால் காணிக்கை எவ்வளவு, அது எங்கே செல்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்து கொடுத்தால்தான் அது காணிக்கை.

ஆகவே விலையைத் தீர்மானிப்பவர் முதலில் தம் தேவையை எழுதி அதை வகுக்கத் தொடங்கக்கூடாது. பங்கின் கடைக்கோடி வீட்டின் ஒரு நாள் வருமானத்தை முதலில் எழுத வேண்டும். அதில் சிறு பகுதியைத் தாண்டாத விலையே விலை. அவ்விலையில் தேவையான தொகை சேரவில்லை என்றால், குலுக்கல் அத்தேவைக்கு ஏற்ற வழியன்று என்று அறிந்து, வசதி படைத்தவரிடம் வெளிப்படையாக நன்கொடை கேட்க வேண்டும். வசதியுள்ளவரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, எல்லாருக்கும் ஒரே விலை வைத்து, அதைச் சமத்துவம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்.

அந்தப் பத்துச் சீட்டு

இப்போது 2001க்குத் திரும்புகிறேன். குலுக்கலுக்கு முந்திய வாரம் கணக்கு ஒப்படைக்கும் நாள். பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு தாய், கணவரை இழந்தவர், சீட்டுப் புத்தகத்தோடு வந்தார். நாளெல்லாம் சுற்றினாலும் ஒரு சீட்டுக்கான ஐம்பது ரூபாய் தேறாத வீடு அது. ஐந்நூறு ரூபாயை எண்ணி மேசைமேல் வைத்தார். அடிக்கட்டைகளைப் புரட்டினேன், மூன்றில் மட்டுமே பிறர் பெயர் இருந்தது. ஏழிலும் அவர் மகளின் பெயர்.

"மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கலாமே, அம்மா?" என்றேன்.

"இல்ல சாமி, கோயில்ல பேரு வாசிக்கையில எங்க வீடு மட்டும் கொறையா வந்துரும். மவளுக்கு ஃபீசு கட்டுறதுக்கு வச்சிருந்தது. அடுத்த மாசம் கட்டிக்கிடலாம்" என்றார்.

ஒவ்வொரு குடும்பமும் எத்தனைச் சீட்டு விற்றது என்று ஞாயிறு திருப்பலி முடிவில் வாசிக்க வேண்டும் என்பதும் என் யோசனையே. விற்பனை சூடுபிடிக்கும் என்று எண்ணினேன். எலிசபெத் அரசியின் அதிகாரிகள் எழுதிய கடிதங்களைக் காட்டிலும் அது கொடியது என்பதை அன்று உணர்ந்தேன். முந்நூற்று ஐம்பது ரூபாயை அவர் கையில் திருப்பி வைத்தேன். அவர் வாங்கிக்கொள்ள நெடுநேரம் ஆயிற்று. வாங்கியபோது அவர் முகத்தில் நான் கண்டது நிம்மதியன்று, வெட்கம். அவ்வெட்கத்தை உண்டாக்கியவன் நான். அந்த ஞாயிறு பெயர்ப் பட்டியலை வாசிக்கவில்லை. மற்றக் குடும்பங்களின் அடிக்கட்டைகளையும் எடுத்துப் பார்த்தேன். ஒரே கையெழுத்தில், ஒரே வீட்டுப் பெயர்களோடு பல புத்தகங்கள் இருந்தன. கூரை வேலை நடந்தது. கணக்குப்படி ஒன்றரை இலட்சத்துக்குச் சிறிது குறைவாகச் சேர்ந்தது.

காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட கைம்பெண்ணை நாம் மறையுரைகளில் அடிக்கடி புகழ்கிறோம். மாற்கு நற்செய்தியில் அப்பகுதிக்குச் சற்று மேலே உள்ள வரிகளை அவ்வளவாக நாம் வாசித்துக் காட்டுவதில்லை. கைம்பெண்களின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட செபம் செய்யும் மறைநூல் அறிஞரைக் குறித்து ஆண்டவர் எச்சரிக்கும் வரிகள் அவை. அவ்வெச்சரிக்கைக்குப் பின்புதான் அவர் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்து, யார் எவ்வளவு போடுகிறார் என்று பார்க்கிறார். அவள் விருப்பத்தோடு போட்டாள். எவரும் அவள் பெயரை வாசிக்கவில்லை. அவளது தாராளத்தைப் போற்றிய ஆண்டவர், அவளிடம் வாங்கிக்கொண்டவர்களைப் போற்றவில்லை.

இன்று நம் பங்குகளில் பரிசுச் சீட்டு அருகிவிட்டது. ஆனால் திருவிழா வரி இருக்கிறது. தலைக்கட்டு வரி இருக்கிறது. மண்டபம் கட்ட, கொடிமரம் நிறுவ, வெள்ளி விழா மலர் வெளியிடக் குடும்பத்துக்கு இவ்வளவு என்ற தீர்மானங்கள் இருக்கின்றன. பங்குப் பேரவையில் அத்தொகை முன்மொழியப்படும்போது ஒருவர் மட்டுமாவது எழுந்து, நம் பங்கின் கடைக்கோடி வீட்டில் இது எத்தனை நாள் கூலி என்று கேட்கட்டும். என் பங்கில் இக்கேள்வியை நான் கேட்டுவருகிறேன். அதைக் கேட்ட கூட்டங்கள் பத்து நிமிடத்தில் முடிவதில்லை.